அட்ஜே கண்ட அன்றாடம்



பாட்டுக்குப் பொருள் தேடுவோர் பெரும்பாலும் அரிய காட்சிகளை நாடியே செல்கின்றனர். எளிய காட்சிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாடிச் சென்ற ஒருவரைப் பற்றிய உரை இது. அவர் கவிஞரல்லர், பாரிஸ் நகரத்துப் புகைப்படக்காரர் யூஜின் அட்ஜே.

1857இல் பிரான்சின் லிபூர்ன் என்னும் ஊரில் பிறந்த அட்ஜே, இளமையிலேயே பெற்றோரை இழந்தார். கப்பலில் பணியாற்றினார், நாடகங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். இரண்டும் நிலைக்கவில்லை. பின்னர் பாரிஸில் புகைப்படத் தொழிலில் இறங்கி, 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்று பலகை மாட்டினார். ஓவியருக்கு ஒரு மரம், அரங்கம் அமைப்பவருக்கு ஒரு பழைய வாசல் என, பிறர் கலைக்கு உதவும் படங்களை விற்பதே அவர் பிழைப்பு.

மரத்தாலான கனத்த காமிராவையும் 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து விடியற்காலையில் புறப்படுவார். எடை குறைந்த கருவிகள் வந்த பின்னரும் பழையதை அவர் கைவிடவில்லை. அதில் படம் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து கடப்பவர் மங்கிய நிழலாவார். படிக்கட்டும் சுவரும் தெளிவாக நிற்கும்.

நகரத்துக்குள் அவர் கண்டவை இடிபடக் காத்திருந்த சந்துகள், கடைச் சன்னல்கள், தெருவில் கூவி விற்போர். நகரத்தின் விளிம்பில் கண்டவை கந்தல் பொறுக்குவோரின் குடிசைகளும் வண்டிகளும். அவற்றுக்கு அப்பால் வெர்சாய், சேன்-க்ளூ, சோ ஆகிய இடங்களின் பழைய பூங்காக்கள். அரண்மனைச் சிற்பத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை அவர் ஏழையின் கைவண்டிக்கும் கொடுத்தார்.

1926இல் அமெரிக்கக் கலைஞர் மேன் ரே, கிரகணம் பார்க்கும் கூட்டத்தை அட்ஜே 1912இல் எடுத்த படத்தை மீமெய்யியலார் இதழின் அட்டையில் வெளியிட்டார். தம் பெயரைப் போட வேண்டாம் என்றார் அட்ஜே. அவை வெறும் ஆவணங்களே என்பது அவர் நிலை. மீமெய்யியலார் அப்படங்களில் கனவைக் கண்டனர். வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய கட்டுரையில், ஆளற்ற அத்தெருக்களைக் குற்றம் நடந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். எடுத்தவர் தம் உணர்ச்சியை முன்னிறுத்தாததால் காண்போர் ஒவ்வொருவருக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அப்படியாயின் கருவியே எல்லாம் செய்தது எனலாமா? இல்லை. 1925இல் மார்ச் முதல் ஜூன் வரை, பராமரிப்பற்றுக் கிடந்த சோ பூங்காவுக்கு அட்ஜே மீண்டும் மீண்டும் சென்றார். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். சிலவற்றில் காலை எத்தனை மணி என்பதையும் குறித்து வைத்தார். இலையற்ற மரம் தளிர்க்கும் வரை காத்திருந்த கண் அது. எளிமை என்பது தேர்வின்மை அன்று. தேர்ந்தவரின் கை வெளியே தெரியாமை.

அவர் வாழ்ந்த காலத்தில் பெருவாழ்வு கிட்டவில்லை. 1920இல் 2,600க்கு மேற்பட்ட தகடுகளை அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். 1927இல் பெரனிஸ் ஆபட் என்னும் இளம் புகைப்படக்காரர் அவரைப் படமெடுத்தார். அப்படத்தைக் காட்டச் சென்றபோது அட்ஜே இறந்திருந்தார். எஞ்சிய தகடுகளும் படங்களும் சிதறிப் போகாமல் மறு ஆண்டே அவற்றை வாங்கி, நாற்பது ஆண்டுகள் காத்தவர் ஆபட். 1968இல் அவை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

முதல், கரு, உரி எனப் பகுத்த மரபில் வந்தவர்கள் கவிஞர்கள். உரிப்பொருளைச் சொல்லிவிடும் அவசரத்தில் கருப்பொருளைப் பெயரளவில் தொட்டுச் செல்லும் கவிதைகள் இன்று மிகுதி. பறவை எது, எந்த நேரம், எந்தக் கிளை என்று பாராமல் பாடப்படும் துயரம் யாருடையதும் ஆகாது. அட்ஜே பதிந்த தெருக்களில் பல இன்றில்லை. அவற்றின் வாசற்படித் தேய்வு வரை அவர் தகடுகளில் இருக்கிறது. இடிபடும் தெருவும் வெட்டுப்படும் மரமும் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றைக் கவிதை அழகுபடுத்தத் தேவையில்லை. முதலில் சரியாகப் பார்த்தால் போதும்.