“கடை வேலைதானே” என்று சொல்லாதீர்கள்

(பட்டதாரிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)





முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை, பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் மேலாண்மைப் பயிற்சியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்க எங்களிடம் யோசனை கேட்டு வந்தார். “பட்டம் படிச்சிட்டு கடை வேலைக்கா போறே?” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கவே இல்லை. அந்த வருத்தத்தில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இது பில் போடும் வேலை அல்ல. பயிற்சி முடிந்தால் ஒரு கடையின் ஆட்கள், சரக்கு, வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பில் வரும். அதனால்தான் போட்டி கடுமையாக இருக்கிறது. இணைய விண்ணப்பம், திறனறித் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் என ஒவ்வொரு படியிலும் ஆட்களைக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்? வாங்கிய விலையில் பார்த்தால் 25. விற்ற விலையில் பார்த்தால் 20. சில்லறை வணிகத்தில் மார்ஜின் என்பது இரண்டாவது. நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொன்று. ஒரு நாளில் 400 பேர் கடைக்குள் வந்து 100 பேர் வாங்கினார்கள், சராசரி பில் 600 ரூபாய் என்றால் விற்பனை 60,000. “விற்பனை குறைந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் உடனே “விளம்பரம் செய்வோம்” என்று சொல்லாதீர்கள். வருகிறவர்கள் குறைந்தார்களா, வந்தும் வாங்காமல் போகிறார்களா, வாங்குவதன் அளவு குறைந்ததா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நேர்காணலுக்கு முன் அந்த நிறுவனத்தின் கடைக்கு இரண்டு முறை போய் வாருங்கள்: செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு முறை, சனிக்கிழமை மாலையில் ஒரு முறை. எந்த அலமாரி காலியாக இருக்கிறது, பில் வரிசை எங்கே நெருக்குகிறது, சீக்கிரம் காலாவதியாகும் தயிர் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். டிமார்ட்டை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் ஓர் உதாரணம். 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த அந்நிறுவனம் வாடகைக் கடைகளை நாடாமல் பெரும்பாலும் சொந்தக் கட்டடங்களையே ஏன் விரும்புகிறது என்று யோசித்துப் பாருங்கள். நேர்காணலில் பேசுவதற்கு உங்களிடம் சொந்தமாக ஏதாவது இருக்கும்.

குழு விவாதத்தில் நம் பிள்ளைகள் ஒன்று வாயே திறப்பதில்லை, அல்லது அடுத்தவரைப் பேச விடுவதில்லை. பேசாமல் இருப்பவரைப் பார்த்து “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கிறவரும் கவனிக்கப்படுவார்.

“உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்பார்கள். “எனக்கு அனுபவம் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். வாப்பாவின் கடையில் பெருநாளுக்கு முந்தைய இரவு கல்லாவில் உட்கார்ந்தீர்களே, அது அனுபவம். கல்லூரி விழாவில் சாப்பாடு பற்றாமல் போனபோது சமாளித்தீர்களே, அதுவும் அனுபவம். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று நான்கு வரியில் சொல்லப் பழகுங்கள். “நாங்கள் செய்தோம்” என்பதில் உங்கள் பங்கு எது என்பது தெளிவாக இருக்கட்டும்.

பெற்றோர்களே, சனி, ஞாயிறு இந்த வேலைக்கு விடுமுறை அல்ல. பண்டிகைக் காலத்தில் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வருவார்கள். வெளியூர் மாற்றமும் வரும். பெண் பிள்ளையை அனுப்புவோர் இரவுப் பணி நேரம், போக்குவரத்து, தங்குமிடம் பற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஜும்ஆ நேரத்துக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்பதையும் கையெழுத்திடும் முன்பே பணிவாகக் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு மனக்கசப்பு வேண்டாம்.

ஒருமுறை தேர்வாகாவிட்டால் வீட்டில் குத்திக்காட்டாதீர்கள். எந்தப் படியில் நின்றோம் என்று எழுதி வையுங்கள், அடுத்த முறை அந்த இடத்தில் உழைக்கலாம். மாதிரி நேர்காணல் நடத்த நாங்கள் தயார். இந்த முறை யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.