கொள்ளிடத்துக்குத் தூண்டிலோடு



ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகலாம் என்று நாம் கிளம்புகிற வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாகும். அப்புறம் யார் யார் வருகிறார்கள், யாருடைய வண்டி, யார் வீட்டிலிருந்து சோறு. எந்த ஆறு, எந்தத் துறை என்பது போகிற வழியில் டீக்கடையில் முடிவாகும். என்ன மீன் என்பதை மீனே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவோம். குரும்பலூர்ப் பக்கமிருந்து இப்படிக் கிளம்புகிற கோஷ்டிகள், சாயங்காலம் பெரம்பலூரில் ஒரு கிலோ ஜிலேபி மீன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். கேட்க மாட்டார்கள்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. முதலில் மீன். அந்த மீனுக்கு ஏற்ற தண்ணீர் அடுத்தது. நாள் கடைசி.

இப்படித் திட்டம் போடுவதில் கைதேர்ந்தவர்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று அங்கே வேலையில் இருப்பதால், பெரிய மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த படங்கள் நம் கைப்பேசிக்கும் வந்துவிடுகின்றன. அது சால்மனாக இருக்கும், இல்லையென்றால் ஸ்டீல்ஹெட்டாக இருக்கும். இரண்டுமே ஆற்றில் பொரிந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடுவதற்காகத் திரும்ப ஆற்றில் ஏறுகிற மீன்கள். பசிபிக் கடல் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, இன்னொரு தடவையும் ஏறும். எந்த ஆற்றில் எந்த மாதம் எது ஏறும் என்பது அங்கே தூண்டில் போடுகிறவர்களுக்கு அத்துப்படி. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நாளுக்கு இத்தனை மீன்தான் என்று வரம்பு உண்டு. பண்ணையில் பொரிக்கவைத்து விட்ட குஞ்சுகளுக்கு முதுகின் பின்பக்கமுள்ள சின்னத் துடுப்பை வெட்டியிருப்பார்கள். அது வெட்டப்படாமல் இருந்தால் காட்டு மீன். பல ஆறுகளில் அதைத் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றில் இப்போது வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று வீட்டிலிருந்தே பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார்கள்.

கன அடி என்றதும் உங்களுக்கு மேட்டூர் அணை நினைவு வந்திருக்கும். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை, திறப்பு இத்தனை என்று செய்தியில் வரும்போது வயல்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். தூண்டில்காரர்களும் தீட்டிக்கொள்ளலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. சால்மன் மாதிரிக் கடலிலிருந்து ஏறிவருகிற மீன் நம் ஆற்றில் இல்லையா?

இருந்தது. உல்லம். வங்காளத்தில் இலிஷ் என்றும், கோதாவரிக் கரையில் புலசா என்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அதே மீன். தென்மேற்குப் பருவமழையில் காவிரி பெருகிவரும்போது, அதன் கிளையான கொள்ளிடத்தின் முகத்துவாரம் வழியாக அது கூட்டமாக ஏறியது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். ஏறிவந்த உல்லம் கீழணையில் முட்டி நிற்க ஆரம்பித்தது. எச். சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர், சென்னை மாகாண அரசுக்காக 1909 வாக்கில் இந்தக் கொள்ளிடக் கரையில்தான் உல்லத்தின் சினையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் முயற்சியில் இறங்கினார். இந்தியாவில் இந்த மீனுக்கு நடந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. 1934இல் மேட்டூர் அணை வந்து, வெள்ளமே அணைக்குள் அடங்கிய பிறகு, காவிரியில் உல்லம் ஏறுவது அருகிப்போனது. 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு கங்கையிலும் இதே கதைதான்.

இந்த வில்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் 1907இல் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தவரும் அவர்தான். அவருக்கு முன்னால் 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். வில்சன் கொண்டுவந்த ரெயின்போ டிரவுட் அந்தக் குளிர் ஓடைகளில் வேர்பிடித்துவிட்டது. ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய்வந்தால் ஸ்டீல்ஹெட், ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட். ஆக, அமெரிக்காவிலிருந்து வந்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் அந்த மீனின் உறவுக்காரனை நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். மீன்வளத்துறையிலும் வனத்துறையிலும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே ஆள், மலையில் அயல்நாட்டு மீனுக்காகவும் சமவெளியில் நம் மீனுக்காகவும் உழைத்திருக்கிறார். வந்த மீன் நிலைத்தது. இருந்த மீன் நிலைக்கவில்லை.

அதற்காகக் கீழணையை இடிக்கச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவதே அங்கிருந்துதான். அமெரிக்காவில் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை 2024இல் இடித்து முடித்தார்கள்; அதே இலையுதிர் காலத்தில் சால்மன்கள் அணை இருந்த இடத்தைத் தாண்டி ஏறிவிட்டன. அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. நம்முடையது சோற்றுக்காகக் கட்டியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஏறுகிற உயிர்கள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. ஆற்று இறாலின் குஞ்சு உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணீரில்தான் வளர முடியும். வளர்ந்த பிறகு மேலே ஏறிவரும். விலாங்கு இதற்கு நேரெதிர். ஆற்றில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, முட்டையிடக் கடலுக்குப் போகும். தூண்டிலில் விலாங்கு மாட்டினால் நரம்பையெல்லாம் சுற்றிப் பின்னிவிடும். அதைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

சரி, போகலாமா?

குரும்பலூரில் ஏரி இருக்கிறது, ஆறு இல்லை. பச்சைமலையில் பிறக்கிற மருதையாறு நம் பக்கமாகத்தான் போகிறது. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் கருவேலத்துக்கு நடுவே மணல்தான். அது போய்ச் சேர்வதும் கொள்ளிடத்தில்தான். நாமும் அங்கேயே போவோம். பெரம்பலூர், அரியலூர் தாண்டினால் தஞ்சாவூர்ச் சாலையில் திருமானூர். பக்கத்தில் திருமழபாடி. இன்னொரு பக்கம் ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி வழியாக அணைக்கரை.

இந்த இடங்களில் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை, அதனால் மீனும் ஒரே மாதிரி இல்லை. திருமானூர், திருமழபாடிப் பக்கம் கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளி. வெள்ளம் வந்து வடிந்த பிறகு அங்கங்கே மடுக்களில் தண்ணீர் தங்கும். கெண்டையும் குரவையும் விராலும் அந்த மடுக்களுக்குள் அகப்பட்டு நிற்கும். அணைக்கரையில் கீழணைக்கு மேற்புறம் தேங்கிய தண்ணீர், ஆழமானது. கெளுத்தியும் வாளையும் வேண்டுமென்றால் அங்கே.

எப்போது போவது? மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12 திறப்பு. ஜனவரி 28 வாக்கில் மூடுவது வழக்கம். ஆனால் அது காவிரிக்கான கணக்கு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும்போது, பாசனத் தண்ணீர் காவிரியில் போகும். மிஞ்சுகிற வெள்ளம்தான் கொள்ளிடத்தில் விடப்படும். ஆகவே மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி வெளியேறுகிறதா, முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எவ்வளவு திருப்புகிறார்கள் என்று கேட்க வேண்டும். திருப்பிவிட்டிருந்தால் போகாதீர்கள். கலங்கல் தண்ணீரில் மீன் இரையைப் பார்க்காது என்பது சின்னக் காரணம். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. அணையையே சாய்த்த தண்ணீரில் ஆள் நிற்க முடியாது என்பது பெரிய காரணம். திறப்பு குறைந்து, தண்ணீர் வடிந்து தெளிகிற அந்த வாரங்கள்தான் காலம். நல்ல மழை ஆண்டாக இருந்தால் மார்கழி, தை, மாசி. பங்குனி தாண்டினால் மடுக்கள் சுருங்கிவிடும். ஊர்க்காரர்கள் ஊத்தாவும் பரியும் கச்சாவலையுமாக இறங்கிவிடுவார்கள். அது வேறு சந்தோஷம், தூண்டில்காரனுக்கு அங்கே இடமில்லை.

தூண்டில் சாமான்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. இளைஞர்கள் ராடும் ரீலும் வைத்திருக்கிறார்கள். நேரான மூங்கில் கழியும் தங்கூசி நரம்பும் மயிலிறகுக் காம்பில் செய்த தக்கையும் போதும் என்பது என் கட்சி. இரை முக்கியம். கெண்டைக்குப் புண்ணாக்கு கலந்து பிசைந்த மாவு உருண்டை. கெளுத்திக்கு மண்புழு அல்லது கோழிக்குடல், பொழுது சாய்கிற நேரத்தில். வாளைக்கு உயிருள்ள சின்ன மீன். அதற்குப் பல் கூர்மை, தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். விராலுக்குத் தவளைக்குஞ்சு. ரப்பர் தவளையும் கடையில் கிடைக்கிறது, விரால் ஏமாறத்தான் செய்கிறது. எச். எஸ். தாமஸ் என்ற மதராஸ் ஆட்சிப் பணி அதிகாரி, நம் நாட்டு ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஏரி மீன் மட்டம், ஆற்று மீன்தான் உசத்தி என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

விராலில் ஒரு விஷயம். மழைக்காலத்தில் செந்நிறப் பார்ப்புக் கூட்டம், அதாவது குஞ்சுக் கூட்டம், தண்ணீர் மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது ரொம்பச் சுலபம். பிடித்தால் அத்தனை பார்ப்பும் மற்ற மீனுக்கு இரை. சால்மன் ஆற்றில் இதையெல்லாம் தடுக்க அதிகாரி நிற்கிறார். நம் ஆற்றில் நாம்தான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

வெடி வைப்பதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். நம் பக்கத்துக் கரைவெட்டி ஏரியோ பறவைகள் சரணாலயம்; அங்கே தூண்டில் கூடாது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. கூழைக்கடா மீன் பிடிக்கிறதே என்று நீங்கள் தூண்டிலை எடுக்காதீர்கள். மற்ற ஏரிகளில் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். "ரெண்டு மீனுக்கு என்னண்ணே, போட்டுக்குங்க" என்பார் பலரும். கேட்காமல் உட்கார்ந்தால்தான் சண்டை.

முதலையைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கொள்ளிடத்தில், குறிப்பாக அணைக்கரையை ஒட்டிய தண்ணீரில், சதுப்புநில முதலைகள் இருக்கின்றன. குளிர்காலக் காலைகளில் மணல்திட்டில் ஏறி வெயில் காயும். மாசி, பங்குனியில் மணலில் முட்டையிடும், அப்போது கிட்டே போனால் சீறும். தண்ணீர் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள். இரண்டு மூன்று ஆள் தூரம் தள்ளி, கரை மேட்டில் இருந்து போடுங்கள். மீனை ஆற்றோரம் வைத்து அறுத்துக் குடலைத் தண்ணீரில் வீசாதீர்கள். அது முதலைக்கு அழைப்பு. மாட்டின முள்ளை எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிற வேலையும் வேண்டாம். முதலை இல்லாத இடத்தில்கூட மணல் அள்ளிய பள்ளம் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஒரு முள் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோதான்.

கெளுத்தி, தேளி முள் குத்தினால் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருங்கள், கடுப்பு குறையும். பிளாஸ்கில் டீயோடு வெந்நீரும் எடுத்துக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம். வீக்கம் ஏறினால் மருத்துவமனை.

இவ்வளவும் பார்த்து, மீனைத் தீர்மானித்து, தண்ணீரைத் தீர்மானித்து, கடைசியாக நாளையும் குறித்துவிட்டீர்கள். முந்தின ராத்திரி செய்தியில், கொள்ளிடத்தில் கூடுதல் தண்ணீர் திறப்பு, கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று வருகிறது. வண்டி பேசியாகிவிட்டது, பிள்ளைகள் ஆவலோடு இருக்கின்றன. என்ன செய்வது? வண்டியை நிறுத்த வேண்டாம், தூண்டிலை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள். ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலைப் பார்த்துவிட்டு, அவன் வெட்டிய சோழகங்கம் ஏரிக் கரையில் சோற்று மூட்டையைப் பிரியுங்கள். வெள்ளம் வடிகிற வாரம் எது என்று செய்தியில் கேட்டுக்கொண்டு, அதற்கு அடுத்த வாரம் அணைக்கரைக்குப் போகலாம்.