பொதி நிறுவ மறுக்கும் கணினி

2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்முனைக்குடிக் கரையிற் கடல் புகுந்து ஊரை அழித்தது. சில நாட்களுக்குள் இலங்கைக் கணினி வல்லுநர் தன்னார்வத்துடன் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிந்துவைக்கச் ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள்.

இத்தகைய மென்பொருள் தனித்து இயங்குவதன்று. வலைவழங்கி, தரவுத்தளம், பிஎச்பி மொழி ஆகியன முன்னரே கணினியில் அமைந்திருத்தல் வேண்டும். அவை இல்லையேல், ஆக்குவோர் வந்தும் அடுப்பில்லாத கலியாண வீட்டின் நிலைதான்.

டெபியன் வழிவந்த லினக்ஸ் இயங்குதளங்களில் பொதியை விரிப்பது ஒரு படி. விரித்ததை அமைப்பது மறுபடி. இடையே மின்சாரம் நின்றால் பொதி அரைகுறையாய்க் கிடக்கும். அதன்பின் வேறெதை நிறுவ முயன்றாலும் அந்தக் குறையே குறுக்கே நிற்கும். பலர் கட்டளையைத் திரும்பத் திரும்ப இட்டுச் சலித்து, ஈற்றில் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவர். காணாமற்போனோர் பட்டியல் உள்ள கணினியில், பிரதி எடுக்காது இதைச் செய்வது கொடுமை!

திரையிற் கடைசி வரியன்று, முதலில் தோன்றிய பிழைவரியே நோயைச் சொல்லும். வட்டில் இடமுண்டா என்று பார்க்க வேண்டும். வேறொரு நிறுவி இயங்கினால் அது முடியும்வரை பொறுத்தல் நன்று. பூட்டுக் கோப்பை அழித்தல் ஆகாது. பின்னர் ‘டிபிகேஜி’ கொண்டு எஞ்சிய பொதிகளை அமைத்து, ‘ஆப்ட்’ கொண்டு விடுபட்ட சார்புகளை வருவித்தால், பெரும்பாலும் கணினி வழிக்கு வரும், பட்டியலும் பத்திரமாயிருக்கும்.