சாவியைக் கொடுத்தால் கடன் தீருமா?



பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளிலும், இடுக்கியில் தேவிகுளம், உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் பலருக்கு வண்டியே வயல். போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்பும், மூணாற்றில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காத்து நிற்கும் காரும் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றுள் பல, கடனில் வாங்கியவை.

குறிஞ்சி பூத்த 2018-ஆம் ஆண்டிலேயே ஆகஸ்டு வெள்ளமும் நிலச்சரிவும் மூணாற்றுப் பாதைகளைத் துண்டித்தன. 2020-இல் பெருந்தொற்று வந்தது. தவணைகளை ஆறு மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது. எனினும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வருவாய் நின்றாலும் தவணைத் தேதி நிற்பதில்லை.

இத்தகைய வேளையில் மானமுள்ள மனிதர், “தெருவில் மறித்து வண்டியைப் பிடுங்குமுன் நாமே கொண்டுபோய் விட்டுவிடுவோம்” என்று எண்ணுகிறார். நிறுவனத்தார் நீட்டிய தாளில் கையொப்பமிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, தொல்லை விட்டதென்று பேருந்தேறி வீடு திரும்புகிறார். சில மாதங்கள் கழித்து, மீதிப் பணம் கேட்டு அறிவிப்பு வருகிறது.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆதலின் அத்தாளிலுள்ள சொல்லைப் பார்க்கிறேன். ‘ஒப்படைத்தேன்’ என்பது வேறு. ‘கடன் தீர்ந்தது’ என்பது வேறு. அடகுப் பொருளை விற்ற தொகை கடனுக்குக் குறைந்தால் மீதிக்குக் கடனாளியே பொறுப்பு, மிகுந்தால் மிகுதி அவருக்கே உரியது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. வண்டிக் கடன் ஒப்பந்தங்களும் இந்நெறியையே பின்பற்றுகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிலுவை 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் வண்டி 3,20,000-க்குப் போகிறது. நிறுத்திவைத்த வாடகை, ஏலச் செலவு முதலியன 25,000. வண்டியும் போய், 2,05,000 ரூபாய் கடன் எஞ்சுகிறது. அவசர விற்பனையில் விலை விழும் என்பதை ஏலக்காய் விளைவிப்பவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேலும், ஜாமீன் கையொப்பமிட்ட மைத்துனரிடமும் இம்மீதியைக் கேட்கலாம். தவணை தவறிய செய்தி கடன் தகவல் ஏட்டிலும் பதிவாகி, அடுத்த கடனுக்குத் தடையாகும்.

தாமே ஒப்படைப்பதால் நன்மையே இல்லையா? உண்டு. வண்டியைப் பிடிக்கும் செலவு மிஞ்சும். தெருவில் நேரும் அவமானம் தவிரும். ஆனால் அச்சத்தினால் மட்டும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அடியாட்களை ஏவிக் கடன் வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கண்டித்துள்ளது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலாவது, தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, நிறுவனத்தின் இசைவோடு நீங்களே ஆள் பார்த்து விற்க முயலுங்கள். ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கக்கூடும். மூன்றாவது, ஒப்படைத்தே தீரவேண்டுமெனில், அன்றைய நிலுவை, வண்டியின் நிலை, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்த ரசீது பெறுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்குமுன் கடனைக் கட்டி மீட்க இறுதி வாய்ப்பு அளிக்கும் முறை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டுமென்று நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. வெற்றுத்தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

எல்லைப்புறத்தவர் குறிப்பாக அறியவேண்டியது ஒன்று. நிதி நிறுவனம் கடனாளியோடு நடத்தும் கடிதப் போக்குவரத்து, அவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. ஆங்கிலமும் மலையாளமும் படிக்க இயலாதவர் தமிழில் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முறையிட்டும் 30 நாட்களுக்குள் விடை வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

கடன் முழுதும் தீர்ந்தபின், பாக்கியில்லை என்னும் கடிதமும், பதிவுச் சான்றிதழில் உள்ள நிறுவனத்தின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம் பெற மறவாதீர்கள்.

இன்று நிலுவை எவ்வளவு, விற்றபின் என் தலையில் எஞ்சுவது எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பிறகே சாவியை மேசைமேல் வையுங்கள்.