கேஸ் ஷீட்டில் ‘மதம்’ என்ற கட்டம்



மருத்துவ உளவியல் படிக்கிறவர்களுக்கு மத, ஆன்மீகப் பன்மை பற்றிப் பயிற்சி வேண்டுமா என்று பேச அழைத்தீர்கள். வேண்டும். என்ன பயிற்சி என்பதில்தான் எனக்குச் சண்டை.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். என் ஆய்வுக்காக ஒரு மருத்துவமனையில் பயிற்சி மாணவர்களோடு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை என்று ஓர் இளம்பெண் அம்மாவோடு வந்தார். சீட்டில் இருந்த பெயர் ஒன்று, அம்மா கூப்பிட்ட பெயர் வேறு. மதம் ‘இந்து’ என்றார். கையில் ஜெபமாலை. ‘தகவல்களை மறைக்கிறார்’ என்று எழுதினார் மாணவர். அவரைக் குறை சொல்லவில்லை, பாடத்தில் இருந்தது அவ்வளவுதான். மதமாற்றம் தரும் மனச்சிக்கலை நோயாகப் பார்க்க வேண்டாம் என்று 1994இல் வந்த அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம்-4 தனியாகக் குறித்ததை அவர் ஒப்பிப்பார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவராகவோ இஸ்லாமியராகவோ மாறிய தலித்துக்கு இன்றும் இடமில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். போனதா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே நின்ற சுவரை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே பல குடும்பங்களில் சான்றிதழுக்கு ஒரு பெயர், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். இதற்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் பேனாவோடு “உங்கள் மதம்?” என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

பண்டிகைகளின் பட்டியலைப் படிப்பது பயிற்சி ஆகாது. “வீட்டில் யாரைக் கும்பிடுவீர்கள்? அங்கே உங்களை எங்கே உட்கார வைக்கிறார்கள்?” என்று கேட்கப் பழக வேண்டும். முக்கியமாக, “இதை நான் எழுதலாமா?” என்று. எழுத வேண்டாம் என்றால் பேனாவை மூட வேண்டும். மேற்பார்வை செய்யும் பேராசிரியர்கள் இதற்கு அவ்வளவு எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு கதை.

அந்த அம்மா வெளியே வராந்தாவில் என்னிடம் சொன்னார்: “சர்ச்சுல கல்யாணம் வச்சிருக்கோம் தம்பி. பத்திரிகையில எந்தப் பேர போடுறதுன்னு கேட்டதுலேர்ந்து அவ தூங்கல.” உள்ளே இதை யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வரவும் இல்லை.