துணியைச் சோதித்து வாங்குவோம், உண்மைப் பெயர் சொல்லி விற்போம்

(சேலம், நாமக்கல் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் நெசவாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், பத்தடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். விதை நெல்லை நீரில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கிய பின்னரே நாற்றங்காலில் தூவுகிறார். இத்துணை விழிப்புடைய நாம், ஜவுளிக் கடைப் படியேறும்போது மட்டும் அவ்விழிப்பைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிடுகிறோம். விரித்துக் காட்டும் பளபளப்பையும் அதற்குச் சொல்லப்படும் பெயரையும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். வெளுத்ததெல்லாம் பால் என்றிருக்கும் இப்பழக்கத்தால் நேரும் நட்டம் வாங்குவோரோடு நிற்பதில்லை. நெய்வோரையும், மல்பெரி பயிரிடும் உழவரையும் அது சென்று தாக்குகிறது. ஆகவேதான் செயற்கை இழைத் துணிகளின் தரச் சோதனை என்னும் பொருளைப் பற்றி உங்கள் முன் சில சொல்ல விரும்புகிறோம்.

இப்பொருளைப் பேசுவதற்கு இவ்வட்டாரத்தினும் தக்க இடம் வேறு உண்டோ? சேலத்து அம்மாபேட்டையிலும் குகையிலும் கைத்தறி ஓசை தலைமுறை தலைமுறையாய்க் கேட்டு வருகிறது. சேலம் வெண்பட்டு என்னும் வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இளம்பிள்ளையில் நெய்யப்படும் சேலைகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன. 1997-ஆம் ஆண்டு சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லிலோ, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, வெண்ணந்தூர் ஆகிய ஊர்களில் விசைத்தறிகள் ஓடாத தெருவைக் காண்பது அரிது. மழை பொய்த்த ஆண்டுகளில் தோட்டத்து ஓரமாகக் கொட்டகை போட்டு, தறி வைத்துப் பிழைத்த உழவர் குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

செயற்கை இழை இழிந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. நைலான் இழையை 1935-இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் ஆக்கினர். பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டனர். இவ்விழைகள் உறுதி மிக்கவை, எளிதில் கசங்கா, துவைத்தால் விரைவில் உலரும், பூச்சி அரிப்பதும் அரிது. பட்டெடுக்கப் பணமில்லாத குடும்பத்துப் பெண்ணும் திருவிழாவன்று பட்டுப் போன்ற சேலை உடுத்தி மகிழ்வதற்கு இவையே வழி செய்தன. இவற்றை நெய்வது நேர்மையான தொழிலே. பாலியெஸ்டரைப் பாலியெஸ்டர் என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. பட்டு என்றோ முழுப் பருத்தி என்றோ சொல்லி விற்பதிலேதான் குற்றம் தொடங்குகிறது.

நமக்கே நேர்ந்ததொன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கென்று நாம் ஒரு கடையில் பட்டு வேட்டி வாங்கினோம். கடையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. வீட்டுத் திண்ணையில் அதைப் பிரித்துக் காட்டியபோது, ஐம்பது ஆண்டு தறிக்குழியில் காலம் கழித்த பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். அவர் விளிம்பிலிருந்து இரண்டு இழையை உருவி, தீக்குச்சியைக் காட்டினார். இழை சுருங்கிப் பின்வாங்கி, உருகிச் சொட்டி, கரும்புகை விட்டது. நுனியில் கடுகளவு உருண்டை ஒன்று நின்றது. ஆறிய பின் அதை விரலிடையே நசுக்கச் சொன்னார், நசுங்கவில்லை. “தம்பி, இது புழு நூற்ற நூல் அன்று, ஆலையில் உருக்கி இழுத்த நூல்” என்றார். கொடுத்த விலையைவிட, ‘நம் ஊர்த் தறியில் வெண்பட்டு நெய்தவனுக்குப் போக வேண்டிய பணம் வேறெங்கோ போய்விட்டதே’ என்று அவர் வருந்திச் சொன்னதே நம் மனத்தில் தைத்தது.

அப்பெரியவர் செய்தது எவரும் வீட்டில் செய்யக்கூடிய முதற்சோதனையாகும். காற்றில்லாத இடத்தில், அருகில் நீர் வைத்துக்கொண்டு, இழையைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடித்துச் செய்ய வேண்டும். பருத்தி இழை தாள் எரியும் வாசனையோடு விரைந்து எரியும். மிஞ்சுவது மென்மையான சாம்பல். பட்டு இழை மெல்லப் பொசுங்கும். மயிர் கருகும் நாற்றம் வரும். நுனியில் தோன்றும் கரிய உருண்டை விரலால் தொட்டவுடன் பொடியாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகும். ஆறியபின் நசுங்காத கெட்டி உருண்டையாக நிற்கும். பாவு இழையையும் ஊடை இழையையும் தனித்தனியே எரித்துப் பார்ப்பது அவசியம். பாவு பட்டாயிருக்க, ஊடை வேறாயிருப்பதும் உண்டு.

ஆனால் இச்சோதனைக்கும் எல்லை உண்டென்பதை மறத்தலாகாது. ரேயான் என்பது மரக்கூழிலிருந்து ஆக்கப்படும் இழை. அதுவும் பருத்தியைப் போலவே எரியும்; நெருப்பு அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அங்கே நீர் உதவும். நனைந்தால் பருத்தி இழையின் வலிமை சற்றுக் கூடும். ரேயான் இழையோ ஏறக்குறைய பாதி வலிமையை இழந்துவிடும். இழையின் ஒரு பகுதியை மட்டும் நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்த இடத்தில் எளிதாக அறுந்தால் ரேயான் என்று ஐயுறலாம்.

இனி, பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த நூலை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கலந்திருக்கின்றன என்று நெருப்புச் சொல்லும். எவ்வளவு கலந்திருக்கின்றன என்று சொல்லாது. அதைக் கூற ஆய்வுக்கூடமே வேண்டும். அங்கே துணியின் மாதிரியை உலர்த்தி, நுண்ணிய தராசில் எடை போட்டு, 75 சதவிகிதக் கந்தக அமிலத்தில் குறித்த வெப்பத்தில் வைப்பார்கள். பருத்தி கரைந்துவிடும், பாலியெஸ்டர் கரையாது. எஞ்சியதைக் கழுவி உலர்த்தி மீண்டும் நிறுப்பார்கள். ஒரு கிராம் மாதிரியில் 0.65 கிராம் எஞ்சினால், அத்துணியில் நூற்றுக்கு 65 பங்கு பாலியெஸ்டர் என்பது தெளிவு. இதனை வீட்டில் செய்து பார்க்க எவரும் முனைய வேண்டா. அவ்வமிலம் தோலையும் கண்ணையும் கெடுத்துவிடும்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நன்கு உலர்ந்த பருத்தி 100 கிராம், சாதாரணக் காற்றிலுள்ள ஈரத்தில் ஏறக்குறைய 8½ கிராமை ஏற்கும். பட்டு 11 கிராமை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பதோ அரைக் கிராமுக்கும் குறைவு. சித்திரை வெயிலில் கடலைக்காய் பறிப்பவர் உடம்பில் வியர்வையை உறிஞ்சும் துணி எது என்பதை இவ்வெண்களே சொல்லிவிடும். திருமணத்திற்கு உடுத்தும் சேலை பாலியெஸ்டராய் இருப்பதால் கேடில்லை. நாள் முழுதும் வெயிலில் நிற்பவருக்குப் பருத்தி என்று சொல்லி அதனைக் கொடுப்பதோ தீங்கு.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. தீப்பட்டால் பருத்தியும் எரியும், அது மெய்தான். ஆனால் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; புண் ஆழமாகும். விறகடுப்பின் முன் நிற்கும் தாய்மார்களும், பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையருகே வேலை செய்வோரும், தீபாவளியன்று மத்தாப்புக் கொளுத்தும் சிறுவரும் பருத்தி ஆடை உடுத்துவதே நலம். பருத்தி என்ற பெயரில் வேறொன்று விற்கப்படுமானால், இந்த எச்சரிக்கையும் பயனற்றதாகிவிடும். பெயர் மாறினால் பணம் மட்டுமன்று, உயிரும் ஆபத்துக்குள்ளாகலாம்.

இழை இன்னதென்று அறிந்த பின் துணியின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். பருத்தி நூலுக்கு நம்பர் சொல்கிறோம். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை ஒரு பவுண்டு எடையில் அடங்குமோ அதுவே நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் நயமாகும். செயற்கை இழைக்கு டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். இங்கே எண் ஏற ஏற இழை தடிக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறுவோர் பலர். அடுத்து, ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று சிறு உருப்பெருக்குக் கண்ணாடி வைத்து எண்ணலாம். 60 ஊடை என்று பேசிய துணியில் 54 மட்டும் இருந்தால், ஊடை நூலில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பது கணக்கு.

குறைந்த நூலைக் கஞ்சி மறைக்கும். நம் மரவள்ளி மாவு நெசவுக்குப் பெருந்துணை. பாவுக்குக் கஞ்சி போடாமல் பருத்தி நெய்வது பெரும்பாலும் கடினம். ஆனால் நெய்து முடித்த துணியில் மிகுதியான கஞ்சியேற்றி, கனமாகக் காட்டி விற்பது வேறு. ஒரு துண்டை நிறுத்து, வெந்நீரில் நன்றாகத் துவைத்து, நிழலில் முழுதும் உலர்த்தி மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடையில் பெரும்பங்கு கஞ்சி. நாம் வாங்க விரும்பியது துணி, மாவு அன்று.

சாயத்தையும் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் பத்துமுறை அழுத்தித் தேயுங்கள். சாயம் எவ்வளவு ஏறுகிறதென்று பாருங்கள். ஆய்வுக்கூடத்திலும் இவ்வாறே கருவி கொண்டு தேய்த்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். 5 என்பது சாயம் ஒட்டவே இல்லை என்பதாகும். துணியில் பற்றாத சாயம் எங்கே போகிறது? குமாரபாளையமும் பள்ளிபாளையமும் காவிரிக் கரையில் இருக்கின்றன. சாயக் கழிவு ஆற்றில் கலக்கும் துயரம் அங்கு வாழ்வோர் நன்கறிந்தது. நன்கு பற்றும் சாயத்தை முறையாக ஏற்றினால் உடுத்துவோருக்கும் நன்மை. நீர் குடிப்போருக்கும் பயிரிடுவோருக்கும் நன்மை. எனினும் நல்ல சாயம் ஒன்றே ஆற்றைக் காத்துவிடாது. கழிவுநீரைச் சுத்திகரித்தலும் கட்டாயம் வேண்டும்.

இச்சோதனைகளுக்கான நிலையங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. கோயம்புத்தூரில் 1956-இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் நூலையும் துணியையும் சோதித்துச் சான்றளித்து வருகிறது. சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. பட்டு வாங்குவோருக்காக மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் பட்டுக் குறி முறையைக் கொண்டுவந்தது. அக்குறியிட்ட சீட்டைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. தமிழ்நாட்டுப் பட்டு வளர்ச்சித் துறையின் தலைமையகமே சேலத்தில் இருக்கிறது. மல்பெரி வைத்துப் புழு வளர்க்கும் உழவரின் உழைப்புக்குப் பொய்ப்பட்டு வேட்டு வைக்காதபடி காப்பதில் அக்குறி பேருதவியாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தூய்மைப் பணியாளர் சீருடை போன்றவற்றை வாங்கும்போது, இழையின் வகை, கலப்பு விகிதம், அங்குலத்திற்கு இழை எண்ணிக்கை, சதுர மீட்டருக்கு எடை, சாய உறுதி ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது, ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டை இரு தரப்பாரும் கையொப்பமிட்டு, உறையிலிட்டு முத்திரை வைத்துக் காத்தல் வேண்டும். வந்த துணியில் ஐயம் எழுந்தால் இரண்டையும் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம், வாய்ச்சண்டைக்கு இடமிராது. மூன்றாவது, மகளிர் குழுக் கூட்டங்களில் நெருப்புச் சோதனையையும் சாயச் சோதனையையும் ஒருமுறை செய்து காட்டச் செய்யலாம். செலவு ஒரு தீப்பெட்டியும் ஒரு வெள்ளைத் துண்டும்தான்.

நெசவாள அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனை உங்களுக்குப் பகை அன்று. சரக்குத் திரும்பி வந்து, கூலி பிடிக்கப்பட்டு, காரணம் தெரியாமல் நிற்பவர் நீங்கள்தாமே? குற்றம் நூலிலா, சாயத்திலா, நெசவிலா என்று சோதனையே பிரித்துச் சொல்லும். பிறர் பிழையை உங்கள் தலையில் சுமத்தவும் விடாது. நூல் வந்த அன்றே ஒரு சிட்டத்தைச் சோதித்து வைத்தால், நெய்து முடித்தபின் வழக்காட வேண்டியதில்லை.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அந்தப் பாதியில் பொய் கலக்கலாமா? பட்டைப் பட்டென்றும், பருத்தியைப் பருத்தியென்றும், பாலியெஸ்டரைப் பாலியெஸ்டரென்றும் சொல்லி விற்கும் ஊரின் சரக்கைத் தேடி வணிகர் வருவர். சேலம், நாமக்கல் துணி என்றால் சொன்னது சொன்னபடி இருக்கும் என்ற பெயரை நாம் எல்லோரும் சேர்ந்து ஈட்ட வேண்டும். அதற்கு முதற்படியாக, அடுத்த முறை துணி வாங்கப் போகும்போது, “இது என்ன இழை? சீட்டில் எழுதித் தாருங்கள்” என்று ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்குவோமாக.