தெரியாத தொகையைக் கண்டுபிடிப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியது)



"கணக்கெல்லாம் ஊக்குநர் பார்த்துக்குவாங்க, நமக்கு எதுக்கு?" என்று குழுவில் பலர் சொல்வது உண்டு. சேமிப்பு நம்முடையது, கடனும் நம்முடையது. அப்போ கணக்கும் நம்முடையதுதானே?

தெரிந்த தொகையை வைத்துத் தெரியாத தொகையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளைகள் இதைச் சமன்பாடு என்று படிக்கிறார்கள். பயப்பட வேண்டாம், தராசு பிடிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது ஒரு தட்டில் ஒரு கிலோ எடுத்தால், மறு தட்டிலும் ஒரு கிலோ எடுக்கணும். அப்போதுதான் முள் நடுவில் நிற்கும். சமன்பாட்டுக்கும் அதே விதிதான்.

முதலில் ஒரு தொகை மட்டும் தெரியாத கணக்கு. ஒரு சகோதரி ஊறுகாய் போட்டுச் சந்தையில் விற்கிறார். பாக்கெட்டுக்கு அடக்கம் 22 ரூபாய், விற்பது 40 ரூபாய். மிச்சம் 18 ரூபாய். ஒருநாள் வண்டிச் செலவும் சந்தைச் சுங்கமும் 180 ரூபாய். செலவு போகக் கையில் 450 ரூபாய் நிற்க எத்தனை பாக்கெட் விற்கணும்?

ஒரு தட்டில் பாக்கெட் எண்ணிக்கையை 18-ஆல் பெருக்கிய தொகை. மறு தட்டில் 180-ம் 450-ம் சேர்ந்து 630. இரண்டு பக்கத்தையும் 18-ஆல் வகுத்தால் விடை 35 பாக்கெட். இதில் முதல் 10 பாக்கெட் வண்டிக்கும் சுங்கத்துக்குமே சரியாகிவிடும். பதினோராவது பாக்கெட்டில்தான் லாபம் ஆரம்பிக்குது. இது தெரியாமல் 12 பாக்கெட் விற்றுவிட்டு, "காசு நிக்கலையே" என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

அடுத்து, இரண்டு தொகை தெரியாத கணக்கு. ஒரு வீட்டில் மொத்தக் கடன் 30,000 ரூபாய். கொஞ்சம் குழுவில் வாங்கியது, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. மீதி வீட்டுக்காரர் வெளியில் வாங்கியது, நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. எங்கே எவ்வளவு என்று அந்தச் சகோதரிக்குத் தெரியாது. மாதம் 500 ரூபாய் வட்டி போகிறது என்பது மட்டும் தெரியும்.

தெரியாதது இரண்டு என்றால் தெரிந்த செய்தியும் இரண்டு வேணும். நம்மிடம் இரண்டு இருக்கு: மொத்தக் கடன், மொத்த வட்டி. இப்போ இப்படி யோசிங்க. 30,000-ம் குழுக் கடனாகவே இருந்தால் வட்டி 300 ரூபாய்தான். ஆனால் போவது 500. கூடுதலாக 200 ரூபாய் எதனால்? வெளிக்கடனில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 2 ரூபாய் கூடுதல். 200-ஐ 2-ஆல் வகுத்தால் 100. அதாவது 100 நூறு ரூபாய், 10,000 ரூபாய் வெளிக்கடன். மீதி 20,000 குழுக் கடன்.

சரிபார்க்கணும், இதை மட்டும் மறக்காதீங்க. 20,000-க்கு வட்டி 200, 10,000-க்கு வட்டி 300, ஆக 500. சரியா வந்திருச்சு.

வாங்கிய கடனில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிக்கடன். ஆனால் வட்டியில் பாதிக்கு மேல் அதுவே தின்னுது! குழுவில் தீர்மானம் போட்டு 10,000 கடன் வாங்கி அதை அடைத்தால் மாதம் 200 ரூபாய் மிச்சம். அசல் அப்படியே நின்றால் வருஷத்துக்கு 2,400 ரூபாய். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்தது. ஆனாலும் எந்தக் கடனுக்கு எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்?

வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. இட்லிக் கடைக்கு 5 கிலோ அரிசியும் 2 கிலோ உளுந்தும் வாங்கினால் 490 ரூபாய். அதே விலையில் 5 கிலோ அரிசியும் 3 கிலோ உளுந்தும் 620 ரூபாய். கிலோ என்ன விலை? ஒரு பில்லில் இருந்து மற்றதைக் கழிச்சுப் பாருங்க. அடுத்த குழுக் கூட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்களுக்கும் வாய்க்கணக்காகச் சொல்லிக் கொடுங்க.



(விடை: உளுந்து கிலோ 130 ரூபாய், அரிசி கிலோ 46 ரூபாய்)